சேமிப்புச் சாதன நிரல்களிற் பிழைக்குறிகளைச் செம்மை செய்தல்

கணிப்பொறியில் ஒரு கோப்பினை எழுதிச் சேமிக்குமாறு கட்டளையிடுகின்றோம். நொடிப்பொழுதிற் “சேமிக்கப்பட்டது” என்னும் விடை திரையில் தோன்றுகின்றது. நாமும் அதனை நம்பி எழுந்து செல்கின்றோம். அவ்விடையைக் கூறியவர் யார்? எதனைக் கண்டு கூறினார்? இவ்வினாக்களை எழுப்புவோர் சிலரே. திரையில் விடை தரும் நிரல் வட்டினை நேரிற் கண்டதில்லை. அது தனக்குக் கீழுள்ள கோப்பு முறைமையைக் கேட்டது. கோப்பு முறைமை தனக்குக் கீழுள்ளதனைக் கேட்டது. இவ்வாறே செய்தி படிப்படியாக இறங்கி, வட்டின் அருகே நின்று பணிபுரியும் டிரைவர் என்னும் சாதன இயக்கு நிரலை அடைந்தது. அந்நிரல் மேலே அனுப்பும் மறுமொழி ஓர் எண் மாத்திரமே. அவ்வெண் மெய்யாயின் மேலுள்ள நிரல்கள் ஏற்றது செய்தல் கூடும். அது பொய்யாயின், வட்டில் இல்லாததனை உண்டென்று நம்பியிருப்போம்.

இவ்வெண்ணையே பிழைக்குறி என்கின்றோம். அது கெடும் வழிகளையும், கெட்டதனைச் செம்மை செய்யும் முறைகளையும், லினக்ஸ் கெர்னலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். சி மொழியிற் சிறிது பயிற்சியுடைய மாணவர் எவர்க்கும் இஃது எளிதில் விளங்கும்.

1. எண்களும் அவற்றின் பொருளும்

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற யூனிக்ஸ் முறைமையின் வழிவந்த பிழைக்குறிகளையே, 1991-இல் லைனஸ் டார்வால்ட்ஸ் தோற்றுவித்த லினக்ஸும் பின்பற்றுகின்றது. கெர்னல் என்பது சாதனங்கள் அனைத்தையும் ஆளும் நடுநாயக நிரல். அதனுள் வழங்கும் மரபு யாதெனின், ஒரு செயற்கூறு தன் பணியை முடித்தால் 0 என்னும் எண்ணையும், முடியாதொழிந்தால் ஒரு குறையெண்ணையும் திருப்பி அனுப்பவேண்டும் என்பதாம்.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயரும் பொருளும் உண்டு. 5 என்பது ஈ-ஐ-ஓ. வட்டிற்குத் தரவு செல்வதிலோ வருவதிலோ நேர்ந்த பிழை. 12 என்பது ஈ-நோமெம், நினைவகம் போதவில்லை. 16 என்பது ஈ-பிஸி. வேண்டிய பொருள் பிறர் கையில் உள்ளது. 19 என்பது ஈ-நோடெவ். அத்தகைய சாதனம் இல்லை. 22 என்பது ஈ-இன்வால். கொடுத்த மதிப்புத் தகாதது. 28 என்பது ஈ-நோஸ்பேஸ், வட்டில் இடமில்லை. இவற்றைக் கேட்போர் செய்யத்தக்கனவும் வெவ்வேறாம். இடமில்லையெனின் பழைய கோப்புக்களை நீக்கலாம். பிறர் கையிலிருப்பின் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கலாம். வட்டே பழுதாயின் உடனே வேறு படி எடுத்துக்கொள்ளவேண்டும். நோயின் பெயரைத் தவறாகக் கூறும் மருத்துவரால் நோயாளிக்கு நேரும் தீங்கே, பிழையின் பெயரைத் தவறாகக் கூறும் டிரைவரால் கணிப்பொறியாளர்க்கும் நேரும்.

ஒரு நுட்பத்தை ஈண்டுக் குறித்துக்கொள்க. கெர்னலின் நடைவிதிப் புத்தகம் செயற்கூறுகளை இருவகையாகப் பிரிக்கின்றது. “இதனைச் செய்” என ஏவற்பொருள்படும் பெயருடையன பிழைக்குறியைத் திருப்பி அனுப்பவேண்டும். அவற்றுள் 0 என்பது வெற்றி. “இஃது உளதா” என வினாப்பொருள்படும் பெயருடையன ஆம், அன்று என்று விடையளிக்கவேண்டும். அவற்றுள் 0 என்பது இல்லை. ஆகவே, ஒரே 0 ஓரிடத்தில் வெற்றியாகவும் ஓரிடத்தில் மறுப்பாகவும் நிற்கின்றது. இவ்வேறுபாட்டைக் கலந்துவிடுதல் பல குழப்பங்களுக்கு வித்தாம்.

2. பிழைக்குறி கெடும் ஆறு வழிகள்

முதலாவது, கேளாதொழிதல். கீழுள்ள செயற்கூறு பிழையைத் தெளிவாகக் கூறியும், மேலுள்ளது அதனை ஒரு மாறியிற் கூட வாங்கிக்கொள்ளாது தன்போக்கிற் செல்கின்றது.

இரண்டாவது, பெயரில்லா எண்ணைக் கூறுதல். தோல்வி என்று காட்டினாற் போதுமென எண்ணி, –1 என்று எழுதிவிடுவோர் உளர். கெர்னலில் 1 என்பதற்கும் ஒரு பெயர் உண்டு. அஃது ஈ-பெர்ம், அஃதாவது “உனக்கு உரிமையில்லை” என்பது. வட்டு மறுமொழி தராது நின்றமைக்குப் பயனர் தம் உரிமைகளை ஆராய்ந்துகொண்டிருக்க நேரிடும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒன்றாக்குதல். கீழிருந்து நினைவகக் குறைவென்று வந்த செய்தியை இடைநின்ற செயற்கூறு ஈ-ஐ-ஓ என மாற்றி மேலே அனுப்புகின்றது. பழுதற்ற வட்டின்மேற் பழி விழுகின்றது.

நான்காவது, தோல்வியை வெற்றியென்றல். இதுவே மிகக் கொடிது. இதனை அடுத்த பகுதியில் விரித்துரைப்பாம்.

ஐந்தாவது, குறையெண்ணைக் குறியில்லா மாறியில் இடுதல். 32 இருமக் குறியில்லா மாறியில் –5 என்பதை இட்டால், அது 4294967291 என்னும் பேரெண்ணாகத் தோன்றும். “இது 0-விற் குறைந்ததா?” என்னும் வினாவுக்கு எக்காலத்தும் “அன்று” என்பதே விடை. காவலாளியை நிறுத்திக் கண்ணைக் கட்டிவிட்டாற் போல்வது இது.

ஆறாவது, சுட்டுக்களைப் பற்றிய மயக்கம். சில செயற்கூறுகள் நினைவக முகவரியைத் திருப்பி அனுப்புவன. அவற்றுள் ஒருசாரன தோல்வியுற்றால் வெறுமுகவரியை அனுப்பும். மற்றொருசாரன பிழைக்குறியையே முகவரி போல மறைத்து அனுப்பும். முகவரி வெளியின் உச்சியிலுள்ள 4095 எண்கள் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் வகையை அழைத்துவிட்டு வெறுமுகவரி உளதாவென்று மாத்திரம் சோதிப்பவர், பிழையையே நல்ல முகவரியெனக் கொண்டு அதனுட் புகுவர், கெர்னல் நிலைகுலையும்.

3. ஓர் எடுத்துக்காட்டு

வட்டுக்களை இணைக்கும் அட்டை ஒன்றிற்கு உரிய டிரைவரைக் கருதுக. கணிப்பொறி அவ்வட்டையைக் கண்டவுடன், டிரைவரின் தொடக்கச் செயற்கூற்றை அழைக்கும். அச்செயற்கூறு ஐந்து படிகளை முறையே செய்யவேண்டும்: அட்டையை விழிப்பித்தல், அதன் பதிவகங்களைக் கெர்னலின் முகவரி வெளியில் அமைத்தல், கட்டளைகளை இட்டுவைக்க நினைவகம் பெறுதல், அட்டை தன் பணி முடிந்ததை அறிவிக்கும் குறுக்கீட்டு வழியைப் பெறுதல், இறுதியாக, ஸ்கசி என்னும் மேலடுக்கில் தன்னைப் பதிந்துகொள்ளுதல்.

எழுதுவோர் விடை என்னும் ஒரு மாறியை வைத்துக்கொள்கின்றார். முதற்படியின் மறுமொழியை அதில் வாங்குகின்றார். அது 0; நன்று. இரண்டாம் படி முகவரி தருவது. அதுவும் நன்கு முடிகின்றது. மூன்றாம் படியில் நினைவகம் கிடைக்கவில்லை, வெறுமுகவரி வருகின்றது. எழுதுவோர் இதனைக் கவனியாமலில்லை. சோதித்துப் பார்த்து, துப்புரவுப் பகுதிக்குத் தாவுகின்றார், பெற்றவற்றை விடுவிக்கின்றார், இறுதியில் விடை என்னும் மாறியைத் திருப்பி அனுப்புகின்றார். அதில் இருப்பது யாது? முதற்படியில் வாங்கிய 0. தாவுமுன் அதில் ஈ-நோமெம் என்பதை இட அவர் மறந்தார்.

விளைவைக் காண்க. கெர்னல் “டிரைவர் ஆயத்தமாயிற்று” என்று பதிந்துகொள்கின்றது. வட்டு ஒன்றும் தோன்றவில்லை. பிழையென்று ஒரு வரியும் பதிவேட்டில் இல்லை. பின்னர் ஒருநாள் அட்டையை நீக்கும்போது, கெர்னல் முறைப்படி டிரைவரின் முடிவுச் செயற்கூற்றை அழைக்கின்றது. அதுவோ முன்னரே விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் விடுவிக்க முயல்கின்றது. நினைவகக் குறைவு நேர்ந்தது ஒருநாள். பொறி நிலைகுலைந்தது மற்றொருநாள். இவ்விரண்டையும் தொடர்புபடுத்திக் காணுதல் எவர்க்கும் அரிது. திருத்தமோ ஒரே வரி: தாவுமுன் விடையில் –12 என்பதைப் பெயரால் இடுக.

நான்காம் படியிலும் ஒரு குறை நேர்தல் கூடும். குறுக்கீட்டு வழியைக் கேட்கும் செயற்கூறு ஈ-பிஸி என்று தெளிவாகக் கூறுகின்றது. டிரைவரோ அதனை எறிந்துவிட்டு ஈ-நோடெவ் என்று மேலே அறிவிக்கின்றது. இஃது அற்பப் பிழையெனத் தோன்றலாம், அன்று. தொடக்கச் செயற்கூறு ஈ-நோடெவ் என்று கூறினால், “இச்சாதனம் என்னுடையதன்று” என்று டிரைவர் பணிவாக விலகியதாகவே கெர்னல் கருதும். ஆகலின், வழக்கமான அமைப்பில் எச்சரிக்கை எதனையும் அச்சிடாது. ஈ-பிஸி என்று உண்மையைக் கூறியிருந்தால், இன்ன சாதனம் இன்ன எண்ணுடன் தோல்வியுற்றது என்று ஒரு வரி பதிவேட்டில் இருந்திருக்கும். அவ்வொரு வரி இன்மையாற் பழுது பார்ப்பவர் பல மணி நேரம் இருட்டிற் தடவ நேரும்.

இவ்வகை நிரலுக்குக் கெர்னலார் கைக்கொள்ளும் ஒழுங்கு எளியது. ஐந்து படிகளும் ஏறிய வரிசை; துப்புரவுப் பகுதியோ இறங்கும் வரிசை. நான்காவது தவறினால் மூன்றாவதையும், இரண்டாவதையும், முதலாவதையும் முறையே விடுவிக்கவேண்டும். ஒவ்வோர் இறங்குபடிக்கும் அது செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர் இடவேண்டும். 2007-இல் கெர்னலிற் சேர்க்கப்பெற்ற ஒரு வசதியால், சாதனத்தோடு பிணைத்துப் பெற்ற பொருள்கள் தோல்வியின்போது தாமே விடுபடும். இதனால் துப்புரவு எளிதாயிற்று. ஆயினும் சரியான எண்ணைக் கூறும் கடமை எழுதுவோரிடமே நிற்கின்றது.

4. குறையின் அளவு

இவை எங்கோ ஓரிடத்து நேரும் கைப்பிழைகள் போலும் என்று நினைத்தல் வேண்டா. அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், லினக்ஸின் கோப்பு முறைமைகளையும் மூன்று முக்கியச் சேமிப்பு டிரைவர் தொகுதிகளையும் ஆராய்ந்து 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். பிழைக்குறி வரத்தக்க 9022 அழைப்புக்களுள் 1153 அழைப்புக்களில், வந்த குறி யாதும் செய்யப்படாமல் கைவிடப்பட்டிருந்தது. இஃது ஏறத்தாழ 13 விழுக்காடு. படிக்கும்போது நேரும் பிழையைக்காட்டிலும் எழுதும்போது நேரும் பிழையே மிகுதியாகப் புறக்கணிக்கப்படுகின்றது என்பதும், புறக்கணிப்புப் பல தற்செயலாக அன்றித் தெரிந்தே செய்யப்பட்டன போலும் என்பதும் அவர்தம் பிற முடிபுகள்.

இதன் காரணத்தை ஒருவாறு உணரலாம். படிப்பவன் தரவுக்காகக் காத்து நிற்கின்றான். அவனிடம் பிழையை மறைத்தல் அரிது. எழுதுபவனோ தரவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வட்டில் எழுதும் வேலை சில நொடிகள் கழித்துப் பின்னணியில் நடைபெறுகின்றது. அப்போது நேரும் பிழையை எவரிடம் முறையிடுவது? கேட்பார் இல்லாதவிடத்துச் சான்றும் மௌனமாகின்றது.

5. அடுக்குக்களுக்கிடையே மொழிபெயர்ப்பு

வட்டும் கெர்னலும் ஒரே மொழி பேசுவனவல்ல. 1986-இல் தரப்படுத்தப்பெற்ற ஸ்கசி முறையில், வட்டானது முதலில் ஒரு நிலைக்குறியையும், அதன்பின் காரணத்தை விளக்கும் உணர்வுக்குறியையும் அனுப்பும். உணர்வுக்குறி 2 எனின் வட்டு இன்னும் ஆயத்தமாகவில்லை. 3 எனின் வட்டின் பரப்பிற் பழுது. 4 எனின் பொறியுறுப்பிற் பழுது. 5 எனின் கட்டளையே தகாதது. இவை கெர்னலின் எண்களாகப் பெயர்க்கப்படும்போது நுட்பம் இழந்து போகாமல் இருத்தல் வேண்டும்.

ஏன் வேண்டுமெனின், பெரிய சேமிப்பகங்களில் ஒரே வட்டுக்கு இரண்டு மூன்று கம்பிவழிகள் அமைப்பதுண்டு. கம்பிவழியிற் பழுதெனின், அதே வேண்டுகோளை மற்றொரு வழியில் அனுப்பலாம். வட்டின் பரப்பிற் பழுதெனின், எவ்வழியிற் சென்றாலும் அப்பழுதே எதிர்ப்படும். நல்ல வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டனவெனத் தள்ளிவிடுவதே பயனாகும். இரட்டைப் படி வைக்கும் அமைப்பிலோ, பரப்புப் பழுதென்று அறிந்தால் மற்ற வட்டிலிருந்து தரவை எடுத்து, பழுதான இடத்தில் மீண்டும் எழுதிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஈ-ஐ-ஓ என்று கூறும் டிரைவர் இவ்வழிகளை யெல்லாம் அடைத்துவிடுகின்றது.

முன்னர் இவ்வேறுபாட்டைக் காட்டப் பொதுவான பிழைக்குறிகளுக்கே மறைபொருள் ஏற்றியிருந்தனர். வேறிடத்துக்கென ஏற்பட்ட பெயர் ஒன்று கம்பிவழிப் பழுதைக் குறிக்கும். “தரவு இல்லை” என்னும் பெயர் பரப்புப் பழுதைக் குறிக்கும். இதனை அறியாத டிரைவர் தற்செயலாக அவ்வெண்ணை அனுப்பினால், மேலடுக்கு அதற்கு மறைபொருளே கொள்ளும். 2017-இல் வெளிவந்த 4.13 பதிப்பில் இம்முறை மாற்றப்பட்டது. கிறிஸ்டாஃப் ஹெல்விக் என்பார் வட்டு அடுக்குக்கென்றே தனி நிலைக்குறித் தொகுதி ஒன்றை அமைத்தார். வெற்றி, காலங்கடத்தல், இடமின்மை, கம்பிவழிப் பழுது, பரப்புப் பழுது, பொருட்குறைவு என ஒவ்வொன்றும் தன் பொருளைத் தானே கூறுவது. இத்தொகுதி தனி வகையாக அறிவிக்கப்பட்டமையால், பழைய எண்ணையும் புதிய குறியையும் ஒருவர் கலந்தெழுதினால் ஸ்பார்ஸ் என்னும் சோதனை நிரல் உடனே காட்டிக்கொடுக்கும்.

ஸ்கசி அடுக்கிலும் இத்தகைய துப்புரவு நடந்தது. ஒரு கட்டளையின் முடிவை 32 இருமங்கள் கொண்ட ஓர் எண்ணில் நான்கு கூறுகளாகப் பிரித்து வைத்திருந்தனர்: வட்டின் கூற்று, பழைய கம்பித் தொடரின் செய்தி, அட்டையின் கூற்று, டிரைவரின் கூற்று. இவற்றுட் செய்திக்கூறும் டிரைவர்க்கூறும் காலப்போக்கிற் பயனிழந்தும், வேறு கூறுகளோடு முரணியும் கிடந்தன. 2021-இல் வெளிவந்த 5.14 பதிப்பிற்குள், டிரைவர் ஒவ்வொன்றையும் திருத்திய பின்னர், இவ்விரு கூறுகளும் நீக்கப்பட்டன. ஒரே செய்தியை இருவர் இருவிதமாகக் கூற இடமிருப்பின், ஒருநாள் இருவரும் மாறுபடுவர் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

6. ஒருமுறை மாத்திரம் கூறப்படும் உண்மை

பிழைக்குறி மேலே வந்து சேர்ந்தும் கேடு விளைதல் கூடும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். போஸ்ட்கிரெஸ் என்பது உலகெங்கும் கணக்குகளைக் காக்கப் பயன்படும் தரவுத்தள நிரல். அது தரவை எழுதியபின் எஃப்சிங்க் என்னும் அழைப்பால், “இதுகாறும் எழுதியன யாவும் வட்டை அடைந்தனவா?” என்று கெர்னலைக் கேட்கும். இல்லையென்று விடை வந்தால், சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கும். இரண்டாம் முறை “ஆம்” என்று வந்தால் தரவு சேர்ந்ததெனக் கொள்ளும்.

கெர்னலின் கருத்தோ வேறு. பிழையை ஒருமுறை கூறியாயிற்று. ஆதலின் குறி அழிக்கப்பட்டது. எழுதப்படாத பக்கங்களும் எழுதப்பட்டன போலவே பல கோப்பு முறைமைகளிற் குறிக்கப்பட்டன. இரண்டாம் முறை வந்த “ஆம்” என்பதன் பொருள், “நீர் முன்பு கேட்டபின் புதிய பிழை ஒன்றுமில்லை” என்பதே. போஸ்ட்கிரெஸ் கொண்ட பொருளோ, “யாவும் வட்டில் உள” என்பது. சொல் ஒன்று; பொருள் இரண்டு; நடுவே அழிவது பிறருடைய கணக்கு. 2019 பிப்ரவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் திருத்தப் பதிப்புக்கள், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மீண்டும் கேளாமல் உடனே நின்று, தம் பதிவேட்டிலிருந்து தரவை மீட்டுக்கொள்ளுமாறு மாற்றப்பட்டன. பிழைக்குறியை அனுப்பினாற் போதாது. அதன் பொருளை அனுப்புவோரும் பெறுவோரும் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

7. செம்மை செய்வோர் கடைப்பிடிக்கத்தக்கன

இவற்றைக் கண்ட மாணவர், “எல்லா –1-களையும் இன்றே மாற்றிவிடுவேன்” என்று துணிதல் இயல்பு. துணிவு நன்று, ஆயினும் திருத்தமே தீங்காதலும் உண்டு.

முதலில், திருத்தும் செயற்கூற்றை அழைப்போர் அனைவரையும் தேடிக் காண்க. –1 என்பதையே எதிர்நோக்கிச் சோதிக்கும் ஓரிடம் எங்கேனும் இருக்கலாம். அழைப்போரையும் ஒருங்கே திருத்தினாலன்றித் திருத்தம் நிறைவுறாது.

இரண்டாவது, வந்த குறியை வந்தவாறே மேலே அனுப்புக. தக்க காரணமின்றி மாற்றற்க. 517 என்னும் எண் இதற்கு நல்ல சான்று. ஒரு டிரைவர் தனக்கு வேண்டிய மற்றொரு சாதனம் இன்னும் ஆயத்தமாகாதபோது, “பிறகு மீண்டும் அழைக்க” என்னும் பொருளில் இதனைக் கூறும். 2012 முதல் வழக்கிலுள்ளது. இடையில் நின்றவர் இதனை ஈ-நோடெவ் என “அழகுபடுத்தி” அனுப்பினால், கெர்னல் மீண்டும் அழைக்காது. நல்ல வட்டு கணிப்பொறி தொடங்கும்போதே காணாமற் போகும்.

மூன்றாவது, பயனர் நிரல்களைச் சென்றடையும் எண்கள் ஓர் உடன்படிக்கை போல்வன. அவற்றை நம்பிப் பிறர் நிரல் எழுதியிருப்பர். அவற்றை மாற்றுமுன் பன்முறை எண்ணுக.

நான்காவது, தோற்றத்தைத் திருத்துவதும் பொருளைத் திருத்துவதும் தனித்தனித் திருத்தங்களாக அமைக. ஒன்றினுள் ஒன்றை மறைத்தால், ஆராய்வோர் இரண்டையும் காணார்.

ஐந்தாவது, தோல்வியை வரவழைத்துச் சோதிக்க. வெற்றிவழி நாள்தோறும் ஓடுவது. தோல்விவழியோ ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆபத்தான வேளையில் ஓடுவது. நினைவகம் வேண்டுமென்றே கிடைக்காதவாறு செய்யும் வசதி கெர்னலிலேயே உண்டு. பொய்வட்டு ஒன்றை அமைத்து, வேண்டிய பிழையை வேண்டியபோது எழுப்பும் ஸ்கசி சோதனை டிரைவரும் உண்டு. ஆராய்ச்சியாளர் ஆக்கிய காக்சினெல் போன்ற கருவிகள், ஒரே வகைப் பிழையை ஆயிரம் கோப்புக்களில் ஒருங்கே தேடித் தரும். கருவி இடத்தைக் காட்டும். எந்த எண் மெய்யான எண் என்று முடிவு செய்வது மனிதர் கடனே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பிழைக்குறிகளைச் செம்மை செய்தல் புகழ்தரும் பணியன்று என்பது விளங்கும். புதிய வசதி ஒன்றும் தோன்றுவதில்லை, வேகம் மிகுவதுமில்லை. ஒரு வரி மாறுகின்றது, அவ்வளவே. ஆயினும், மருத்துவமனையின் நோயாளர் குறிப்பும், வங்கியின் கணக்கும், மாணவரின் ஆராய்ச்சி ஏடும் அவ்வொரு வரியை நம்பியே வட்டில் உறைகின்றன. பழுதே நேராத சாதனம் உலகில் இல்லை. பழுது நேர்ந்தபோது அதனை உரிய பெயரால், உரியவரிடத்து, உரிய காலத்திற் கூறும் நிரலை எழுதுதல் நம்மால் இயல்வது. நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும், தம் செயற்கூற்றின் இறுதி வரியை எழுதுமுன், “இந்த எண் இப்போது மெய்யைக் கூறுகின்றதா?” என்று ஒருமுறை தம்மைத்தாமே கேட்டுக்கொள்வாராக.